பிஃபிடோபாக்டீரியத்தைக் 'கவைக்கோலுயிரி' எனலாமா?

அன்புடையீர்,

குழந்தைகளின் உடற்பருமன் பற்றிய கட்டுரைக்கு, குடலில் வாழும் பாக்டீரியா வகையான பிஃபிடோபாக்டீரியத்தின் தமிழ்ப்பெயராக முன்மொழியப்பட்ட 'நலநுண்ணுயிர்' என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த உயிரி குழந்தைக்கு எவ்வளவு நலம் செய்கிறது என்பதுதான் கட்டுரை ஆராயும் கேள்வி. விடையைப் பெயரிலேயே எழுதிவிட்டால் ஆராய்வதற்கு என்ன மிஞ்சும்?

பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட முடிவையே பார்ப்போம். ஏழு வயதில் எடை மிகுந்திருந்த 25 குழந்தைகளையும் இயல்பான எடையுடன் இருந்த 24 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் சேகரித்து வைத்திருந்த மல மாதிரிகளை ஒப்பிட்டபோது, இயல்பான எடையுடன் வளர்ந்தவர்களிடம் பிஃபிடோபாக்டீரியங்கள் கூடுதலாகவும், எடை கூடியவர்களிடம் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் வேறொரு பாக்டீரியா கூடுதலாகவும் இருந்தன. இது தொடர்பைக் காட்டுகிறதே ஒழியக் காரணத்தை நிறுவவில்லை. தாய்ப்பால், பிறந்த முறை, கொடுக்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆகியவை குடலையும் மாற்றக்கூடும், எடையையும் மாற்றக்கூடும். மேலும், இரண்டாவது உயிரியான ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸின் பெயர்ப்பொருளில் திராட்சைக் குலையும் பொன்னிறமும்தான் இருக்கின்றன; தீமை என்னும் பொருள் அதில் இல்லை. ஒன்றை உருவத்தால் அழைத்துவிட்டு மற்றொன்றுக்கு மட்டும் நற்சான்று கொடுப்பது முறையாகாது.

பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்றி டிசியே 1899இல் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது, நுண்ணோக்கியில் தெரிந்த கிளைத்த வடிவத்தைக் கொண்டே பெயரிட்டார். இலத்தீனில் 'பிஃபிடுஸ்' என்றால் இரண்டாகப் பிளந்தது. நம்மிடம் அதற்குக் 'கவை' இருக்கிறது. வேலிக்கு முள் வெட்டுபவர் கையில் குத்தாமலிருக்க முள்ளை அழுத்திப் பிடித்துத் தள்ளும் கவைக்கோலைப் பார்த்தவர்களுக்கு, நுனி பிரிந்த இந்த உயிரியின் படத்தை விளக்க வேண்டியதே இல்லை. ஆகவே 'கவைக்கோலுயிரி' என்பது என் முன்மொழிவு.

கட்டுரையில் 'குடல் தாவரம்' என்று வருமிடங்களையும் மாற்ற வேண்டும். பாக்டீரியாக்களைத் தாவரங்களோடு சேர்த்து எண்ணிய காலத்தின் எச்சம் அது. 'குடல் நுண்ணுயிர்த்திரள்' போதும்.

புதிய சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஒன்று எழுதிப் பார்த்தேன்: "தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது, அவற்றை உண்டு கவைக்கோலுயிரிகள் பெருகுகின்றன." எனக்கு இடறவில்லை. உங்களுக்கு எங்கேனும் இடறினால் எழுதுங்கள்.