மூன்று நோடு எச்.சி.ஐ. வாங்கலாமா? சிறிய சரக்கு நிறுவனத்துக்கு ஆலோசனை தேவை

கிடங்குக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் சுமார் 60 பேர் பணிபுரியும் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணினிப் பிரிவை நான் ஒருவனே கவனித்து வருகிறேன். இரண்டு சர்வர்களும் அவற்றுக்குப் பொதுவான ஒரு ஸ்டோரேஜ் பெட்டியும் உள்ளன. கணக்கு, கிடங்கு நிர்வாகம், கோப்புகள் என 14 மெய்நிகர் சர்வர்கள் (மென்பொருளால் உருவாக்கப்பட்ட சர்வர்கள்) அவற்றில் இயங்குகின்றன. மொத்தத் தரவு 9 டெராபைட். ஸ்டோரேஜ் பெட்டியின் உத்தரவாதம் ஆண்டிறுதியில் முடிகிறது. தனிப் பெட்டியே இல்லாமல் ஒவ்வொரு சர்வருக்குள்ளும் இருக்கும் டிஸ்க்குகளை மென்பொருள் ஒரே சேமிப்பகமாக இணைக்கும் ஹைப்பர்-கன்வெர்ஜ்டு (எச்.சி.ஐ.) முறைக்கு மாறுமாறு விற்பனையாளர் கூறுகிறார். அவர் தந்த விலைப்பட்டியலில் மூன்று நோடுகள், அதாவது இப்படி இணைந்து இயங்கும் மூன்று சர்வர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சிபியூ, 3.84 டெராபைட் எஸ்.எஸ்.டி. நான்கு, மொத்தம் 46 டெராபைட். "நம்மிடம் இருப்பதைப் போல ஐந்து மடங்கு இடம் எதற்கு? இரண்டு நோடு போதாதா?" என்று முதலாளி கேட்கிறார். அவருக்கு நேர்மையான பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஈசூன் தமிழ்:
முதலாளியின் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த 46 முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது. எச்.சி.ஐ.யில் ஒவ்வொரு தரவும் குறைந்தது இரண்டு நோடுகளில் எழுதப்படுவதால் 46 உடனே 23 ஆகிவிடும். ஒரு நோடு வீழ்ந்த பிறகும் மீதி இரண்டில் இரு பிரதிகளும் அடங்க வேண்டுமானால், அவ்விரண்டின் 30.72 டெராபைட்டில் பாதியான 15.36தான் உச்சவரம்பு. அதிலும் கால் பங்கைக் காலியாக விட்டால் கையில் நிற்பது ஏறத்தாழ 11.5. தரவு 9 டெராபைட் இருக்கும்போது இது தாராளமே அன்று.

இரண்டு நோடுகளிலும் அமைக்கலாம். ஆனால் அவற்றுக்கிடையே இணைப்பு அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று ஒவ்வொன்றும் எண்ணிக்கொண்டு ஒரே தரவைத் தனித்தனியாக மாற்றி எழுதத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க எந்த நோடு தொடர்ந்து இயங்கலாம் என்று தீர்மானிக்கும் சிறிய 'சாட்சி' ஒன்று மூன்றாவது ஓர் இடத்தில் இயங்க வேண்டும். அதை அந்த இரண்டு நோடுகளுக்குள்ளேயே வைத்தால் பயனில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது உரிமச் செலவைப் பற்றித்தான். 2023 நவம்பரில் மெய்நிகர் சர்வர் மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை பிராட்காம் வாங்கிய பிறகு நிரந்தர உரிம விற்பனை நின்று, எல்லாம் சந்தாவாகிவிட்டது. கட்டணம், சிபியூவுக்குள் இருக்கும் கோர் எனும் செயலகங்களின் எண்ணிக்கைப்படி. ஒரு சிபியூவில் 8 கோர் மட்டுமே இருந்தாலும் 16 கோருக்குக் கட்ட வேண்டும். உங்கள் விலைப்பட்டியலில் ஆறு சிபியூ என்பதால் குறைந்தது 96 கோர். நோடுக்கு ஒரே சிபியூ, 16 கோர் என்று மாற்றினால் அது 48 ஆகும். நீங்கள் சொல்லும் 14 மெய்நிகர் சர்வர்களுக்கு அது பெரும்பாலும் போதும். மைக்ரோசாஃப்ட் வழியில் சென்றால் டிஸ்க்குகளை இணைக்கும் அதன் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்டுக்கு விண்டோஸ் சர்வரின் டேட்டாசென்டர் பதிப்பு வேண்டும். ஸ்டாண்டர்டு பதிப்பில் அது கிடையாது. மெய்நிகர் சர்வர்களை இயக்கும் பிராக்ஸ்மாக்ஸும் டிஸ்க்குகளை இணைக்கும் செஃப்பும் திறமூல மென்பொருள்கள் என்றாலும், செஃப் வழக்கமாக மூன்று பிரதிகள் வைக்கும். மேலும், தனியொருவராக அதைப் பராமரிக்கப் பயிற்சி வேண்டும்.

மின்னி:
மூன்று நோடு அமைப்பு ஒன்றை நான் நான்கு ஆண்டுகள் பராமரித்தேன். ஒரு சனிக்கிழமை இரவு, ஃபர்ம்வேரை (வன்பொருளுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) புதுப்பிப்பதற்காக முதல் நோடை நிறுத்தினேன். அது மீண்டும் எழுவதற்குள் இரண்டாவது நோடில் ஓர் எஸ்.எஸ்.டி.யின் விளக்கு மஞ்சளாக மாறியது. கணக்கு சர்வர் அந்த நொடியே உறைந்து நின்றது. அதன் தரவின் ஒரு பிரதி நான் நிறுத்திய நோடில் இருந்தது. இடைப்பட்ட நேரத்தில் எழுதப்பட்ட புதிய பதிவுகளோ பழுதான எஸ்.எஸ்.டி.யில் மட்டுமே இருந்தன. தனி நாஸ் (வலையமைப்பில் இணையும் சேமிப்பு) பெட்டியில் பேக்கப் வைத்திருந்ததால்தான் விடியற்காலை ஐந்து மணிக்கு மீட்க முடிந்தது.

ஆகவே பராமரிப்புக்காக ஒரு நோடை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், அதில் பிரதி உள்ள தரவுக்கு உங்களிடம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்பதை முதலாளியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிரதி வேறு, பேக்கப் வேறு. பணயத் தீநிரல் (பணம் பறிப்பதற்காகக் கோப்புகளைப் பூட்டும் ரேன்சம்வேர்) ஒரு கோப்பைப் பூட்டினால், அந்தப் பூட்டிய கோப்பைத்தான் எல்லா நோடுகளும் பிரதி எடுக்கும். நான்காவது நோடுக்கு நிதி கிடைத்தால் நல்லது. ஆனால் பேக்கப்புக்கு ஒதுக்கிய பணத்தை அதற்காகத் தொடாதீர்கள்.

தெம்பனிஸ் வாசி:
விலைப்பட்டியலில் நோடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பு ஸ்விட்ச் எத்தனை என்று பாருங்கள். எழுதப்படும் ஒவ்வொரு தரவும் வலையமைப்பைக் கடந்து மற்றொரு நோடுக்குச் செல்வதால், பத்து கிகாபிட் ஸ்விட்ச் இரண்டு கட்டாயம் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அது பழுதாகும்போது மூன்று நோடுகளும் சேர்ந்தே நிற்கும். நம் தொழிற்பேட்டைக் கட்டடங்கள் பலவற்றில் மாலைக்குப் பிறகு மத்திய குளிரூட்டியை நிறுத்திவிடுவார்கள். மூன்று நோடுகளும் 1,500 வாட் இழுத்தால் அத்தனையும் வெப்பமாக அறையில் தேங்கும். சர்வர் அறைக்குத் தனி குளிரூட்டி உண்டா? ஒவ்வொரு நோடின் இரண்டு மின்வழங்கிகளையும் ஒரே இணைப்பில் செருகவும் வேண்டாம்.

கிடங்குக்காரன்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பார்த்தேன், ஒரே ஸ்விட்ச்தான் போட்டிருக்கிறார். சர்வர் அறைக்குத் தனி குளிரூட்டியும் இல்லை. நோடுக்கு ஒரு சிபியூ, இரண்டு ஸ்விட்ச், நோடுக்கு ஐந்தாவது எஸ்.எஸ்.டி., தனி பேக்கப் பெட்டி என்று திருத்திய விலையைக் கேட்டு இன்று எழுதியிருக்கிறேன். நிறுவிய பிறகு, முதலாளியின் முன்னிலையில் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நோடின் மின்கம்பியைப் பிடுங்கிக் காட்டிய பிறகே இறுதித் தவணை தரப்படும் என்றும் அதில் சேர்த்திருக்கிறேன்.