புதுப்பிப்பு: ஸ்லீவா, பைபாஸா? பைபாஸ் செய்துகொண்டேன்

எடை குறைய இரைப்பையில் செய்யும் அறுவை சிகிச்சைகளில் ஸ்லீவ் செய்வதா, பைபாஸ் செய்வதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பைபாஸ் முடிந்து நலமாக இருக்கிறேன்.

முடிவுக்கு வர உதவியது, "நெஞ்செரிச்சல் இருந்தால் முதலில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) பாருங்கள்" என்ற ஆலோசனைதான். பார்த்ததில் உணவுக்குழாயின் அடியில் அமிலப் புண் தெரிந்தது. ஸ்லீவில் இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதம் வெட்டி எடுத்து, மீதியைக் குறுகலான குழாயாக்குகிறார்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் பலருக்கு அமிலம் மேலேறுவது அதிகமாகிறது. பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள்; அமிலம் மேலேறுவது பெரும்பாலும் தணியும். இப்போது தலையணையை உயர்த்தாமல் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

எதிர்பாராதது டம்பிங். அரை டம்ளர் பழச்சாறு குடித்ததும் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு! இனிப்பு வேகமாகச் சிறுகுடலில் இறங்குவதால் வருகிறதாம். முடியும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. முதல் சில மாதங்களில் அது சகஜம்தான். இப்போது நெற்றியோரம் குட்டி முடிகள் எட்டிப் பார்க்கின்றன.

அப்புறம், பைபாஸுக்குப் பிறகு பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் குடல் இணைப்பில் புண் உண்டாக்கக்கூடும் என்பதால் தவிர்க்கச் சொல்கிறார்கள். மூட்டுவலிக்கு அவற்றை வழக்கமாகப் போடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.