பட்டனை அழுத்தினால் ஒன்றுவிட்டு ஒரு வரிதான் பச்சையாகிறது

கேள்வி (ரோஸ் ஹில், மொரிசியஸ்)
வணக்கம். எங்கள் கோயிலுக்குத் தைப்பூசக் காவடிக்கான இணையப் பக்கம் செய்கிறேன். கொடியேற்றம் தொடங்கி 10 நாள் விரதமும் பட்டியலாக இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் 'நாள்', 'பாக்கி' என்று இரண்டு கிளாஸ் (தோற்றத்தைத் தீர்மானிக்க வரிக்குக் கொடுக்கும் பெயர்). பட்டனை அழுத்தினால் எல்லாம் 'முடிந்தது' ஆகிப் பச்சையாக வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் கெட்எலிமெண்ட்ஸ்பைகிளாஸ்நேம் போட்டு 'பாக்கி' வரிகளை எடுத்து, ஃபார் லூப்பில் (ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் சுற்று) கிளாஸ்நேமை மாற்றுகிறேன். 1, 3, 5, 7, 9 மட்டும் மாறுகின்றன. மறுபடி அழுத்தினால் 2, 6, 10. கன்சோலில் பிழை எதுவும் இல்லை. மாறிய வரிகளில் இடைவெளியும் போய்விடுகிறது. தைப்பூசம் இங்கே பொது விடுமுறை, அன்று ஊரே போனில் திறந்து பார்க்கும். உதவுங்கள்.

பதில் (காத்ர் போர்ன்)
தம்பி, நீங்கள் எடுத்தது உயிருள்ள பட்டியல். முதல் வரியிலிருந்து 'பாக்கி' போனதும் அந்த வரி பட்டியலை விட்டே போய்விடும். சாப்பாட்டு வரிசையில் முன்னால் நிற்பவர் நகர்ந்தால் பின்னால் இருப்பவர்கள் ஓரடி முன்னே வருவார்களே, அதுபோல 2-ஆம் நாள் பூஜ்ஜியமாவது இடத்துக்கு (எண்ணிக்கை பூஜ்ஜியத்தில்தான் தொடங்கும்) வந்துவிடும். லூப்போ அடுத்து 1-ஆவது இடத்தைப் பார்க்கும். அங்கே இருப்பது 3-ஆம் நாள். க்வெரிசெலக்டர்ஆல் போடுங்கள். அது எடுத்த நேரத்தில் இருந்தபடியே நிற்கும் பட்டியல்.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா. க்வெரிசெலக்டர்ஆலில் 'பாக்கி' என்று மாற்றினேன். இப்போது ஒன்றுகூட மாறவில்லை.

பதில் (போர்ட் லூயி)
புள்ளி வேண்டும் தம்பி: '.பாக்கி'. இது சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) எழுதும் முறையிலேயே தேடும். புள்ளி இல்லாவிட்டால் அந்தப் பெயரில் எச்டிஎம்எல் டேக் இருக்கிறதா என்று பார்த்து, வெறும் பட்டியலைத் தரும். பிழையும் காட்டாது.

இடைவெளி போனதற்குக் காரணம் வேறு. கிளாஸ்நேமுக்கு நேராக மதிப்பைக் கொடுத்தால் பழையதெல்லாம் அழிந்துவிடும், இடைவெளி தரும் 'நாள்' உட்பட. கிளாஸ்லிஸ்ட்.ரீப்ளேஸ் எழுதி 'பாக்கி'யை மட்டும் 'முடிந்தது' ஆக்குங்கள். பச்சை நிறத்தை சிஎஸ்எஸ்ஸில் '.முடிந்தது' என்பதன் கீழேயே வையுங்கள். ஸ்கிரிப்டில் ஸ்டைல் எழுதி நிறம் தருவதை நான் விரும்புவதில்லை. பிறகு கோயிலில் வேறு நிறம் கேட்டால் ஜாவாஸ்கிரிப்டுக்குள் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்
பத்தும் பச்சை! இடைவெளியும் வந்துவிட்டது. அப்புறம், லூப்புக்குப் பதில் ஃபார்ஈச் போடலாமா?

பதில் (காத்ர் போர்ன்)
க்வெரிசெலக்டர்ஆல் தரும் பட்டியலில் தாராளமாகப் போடலாம். முதலில் நீங்கள் எடுத்த உயிருள்ள பட்டியலுக்கு ஃபார்ஈச் கிடையாது, அதை அர்ரே.ஃப்ரம் கொண்டு அர்ரேயாக மாற்றிக்கொள்ள வேண்டும்.