மரத்தூள் சர்க்கரையில் ஆன்டிஆக்ஸிடன்ட்டா?

தோட்டத்துப்பையன்: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி மேசை, நாற்காலி செய்கிறார்கள், தூள் குவிந்து கிடக்கிறது. அதில் என்சைம் போட்டு எடுக்கும் சர்க்கரைக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி உண்டு என்கிறாள் தங்கை. சர்க்கரைக்கு ஏது அந்தக் குணம்?

லேப்அக்கா: தங்கை சொல்வது சரிதான் தம்பி, ஆனால் இது காப்பியில் போடும் சீனி இல்லை. கடின மரங்களில் சைலான் என்ற நீளச் சங்கிலி நிறைய உண்டு, சைலனேஸ் என்சைம் அதை நறுக்கும்போது சைலோஸ் என்ற சர்க்கரை அலகுகள் சில மட்டும் கொண்ட குட்டித் துண்டுகள் வரும், கூடவே மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருளின் ஃபீனால் துணுக்குகளும் ஒட்டிக்கொண்டு வரும். செல்லைக் கெடுக்கும் ஃப்ரீ ராடிக்கலுக்கு ஹைட்ரஜன் கொடுத்து அடக்குவது பெரும்பாலும் இந்த ஃபீனால்தான். வெறும் சைலோஸுக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

ஆலைக்காரன்: செம்பனையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெற்றுக் குலையில் எடுக்க முடியுமா அக்கா?

லேப்அக்கா: முடியும் அண்ணே, அதிலும் சைலான் இருக்கிறது. ஆனால் முதலில் நீராவியோ காரக் கரைசலோ (ஆல்கலி) வைத்து இளக்க வேண்டும், இல்லையென்றால் லிக்னின் என்சைமை உள்ளே விடாது. அப்புறம் ஒன்று, ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தியை அளக்கும் டிபிபிஎச் கரைசல் ஊதாவிலிருந்து மஞ்சளாவது சோதனைக் குழாயில்தான். உடம்பில் இந்தத் துண்டுகள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் பிஃபிடோ என்ற நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகும்.

தோட்டத்துப்பையன்: அப்போ தூளை ஊறவைத்துக் குடித்தால்? அப்பா கேட்கிறார்.

லேப்அக்கா: ஐயோ வேண்டாம்! ஊறவைத்தால் சைலான் பிரியாது. அதோடு ரப்பர் பலகைக்குப் பூச்சி அரிக்காமல் போரான் மருந்து ஏற்றுவார்கள்.