மண்டலவாரியாகப் பிரித்ததும் மொத்தம் எகிறுகிறது: டைமென்ஷனில் எங்கே தப்பு?

கேள்வி – புதுவரிசை
ஆர்டர் டேபிளில் 1,200 வரிகள். மண்டலம் பார்க்க வாடிக்கையாளர் டேபிளோடு வாடிக்கையாளர் எண்ணை வைத்து ஜாயின் செய்தால் (இரண்டையும் இணைத்தால்) 1,340 வரிகள் ஆகின்றன, விற்பனைத் தொகையும் ஏறிவிடுகிறது. மண்டலம், தொகை இரண்டை மட்டும் எடுத்து டிஸ்டிங்க்ட் (ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கும் கட்டளை) போட்டேன். இப்போது தொகை நிஜத்தைவிடக் குறைவு. இன்னொன்று, மென்பொருள் ஆர்டர் எண்ணைத் தானாகக் கூட்டிக் காட்டுகிறது. அது மெஷரா (கூட்டிப் பார்க்கும் அளவு), டைமென்ஷனா (பிரித்துப் பார்க்க உதவும் விவரம்)?

பதில் – கட்டம்போட்டவர்
சின்னதை முதலில் முடிப்போம். கூட்டினால் அர்த்தம் வருமா என்று பாருங்கள். ஆர்டர் எண்களைக் கூட்டி யாருக்கும் பயனில்லை, அது டைமென்ஷன். டேட்டா டைப்பை எழுத்தாக மாற்றிவிடுங்கள், கூட்டுவது நின்றுவிடும்.

டிஸ்டிங்க்ட்டை உடனே எடுங்கள். ஒரே மண்டலத்தில் ஒரே தொகைக்கு வந்த இரண்டு தனி ஆர்டர்களையும் அது ஒன்றாக்கிவிடும்.

வாடிக்கையாளர் டேபிளை எண்வாரியாகத் தொகுத்து, ஒன்றுக்கு மேல் வரி உள்ளவர்களை எடுத்துப் பாருங்கள். தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு பத்தி இருந்தால் அது வரலாறு வைக்கும் டேபிள், அதாவது டைப் 2. மண்டலம் மாறியவருக்கு இரண்டு வரி இருக்கும். அவருடைய ஒவ்வொரு ஆர்டரும் இரண்டிலும் ஒட்டிக்கொள்ளும். ஜாயினில் தேதி நிபந்தனையும் வேண்டும்: ஆர்டர் தேதி தொடக்கத்துக்குச் சமமாகவோ பிறகோ இருக்க வேண்டும், கூடவே முடிவுக்கு முன்பாகவும் இருக்க வேண்டும். பிட்வீன் வேண்டாம், அது இரண்டு முனைத் தேதிகளையும் சேர்த்துக்கொள்ளும். பழைய வரி முடியும் தேதியும் புதிய வரி தொடங்கும் தேதியும் ஒன்றாக இருந்தால் அன்றைய ஆர்டர் இரட்டிக்கும். நடப்பு வரியின் முடிவுத் தேதி காலியாக இருந்தால் ஒப்பீடே பொருந்தாது, அந்த வரி கழன்றுபோகும். அங்கே 9999-12-31 என்று எட்டாத எதிர்காலத் தேதி போட்டு வையுங்கள்.

பதில் – நட்சத்திரம்
அதற்கு முன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: ஆர்டர் வந்த அன்றைய மண்டலமா, இன்றைய மண்டலமா? ஊக்கத்தொகைக் கணக்குக்கு அன்றையது. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு இன்றையது. அதற்கு நடப்பு வரியை மட்டும் ஜாயின் செய்தால் போதும். பழைய மதிப்பின் மேலேயே எழுதிவிடும் டைப் 1 டேபிள் என்றால் அன்றையதைக் கேட்கவே முடியாது, போன வருட அறிக்கையும் சத்தமில்லாமல் மாறும்.

பதில் – கட்டம்போட்டவர்
விட்டுப்போனது: இன்னர் ஜாயின் (இரண்டு டேபிளிலும் பொருந்தும் வரிகளை மட்டும் வைப்பது) செய்தால் வாடிக்கையாளர் எண் காலியான ஆர்டர்கள் காணாமல்போகும். டைமென்ஷனில், அதாவது வாடிக்கையாளர் டேபிளில், −1 என்ற சாவியோடு (இணைக்கும் எண்ணோடு) ‘தெரியவில்லை’ என்று ஒரு வரி சேர்த்து, காலியானவற்றை அதில் கட்டுங்கள்.

தள்ளுபடி சதவீதத்தையும் சராசரி எடுக்காதீர்கள். ஒரு மண்டலத்தில் 1,000க்கு 100 (10%), மற்றதில் 9,000க்கு 1,800 (20%). சராசரி 15% என்று வரும். சரியான விடை 1,900 வகுத்தல் 10,000, அதாவது 19%. தொகைகளை டேபிளில் வையுங்கள், வகுத்தலை அறிக்கை செய்யட்டும்.

பதில் – புதுவரிசை
தேதி நிபந்தனை சேர்த்ததும் 1,200 வந்துவிட்டது. ஆனால் மண்டலவாரியான வாடிக்கையாளர் எண்ணிக்கையைக் கூட்டினால் மொத்தத்தைவிட அதிகம்?

பதில் – நட்சத்திரம்
அது பிழையில்லை. மண்டலம் மாறி இரண்டிலும் வாங்கியவர் இரண்டு இடத்திலும் எண்ணப்படுவார், மொத்தத்தில் ஒரு முறைதான். அறிக்கையின் அடியில் ஒரு வரிக் குறிப்பு போடுங்கள், இல்லாவிட்டால் மாதாமாதம் இதே கேள்வி வரும்.