வினிகர் பீட்ரூட்: ஒரு வாரம் ஊறியும் நறுக்கென்றே இருக்கிறதே?

கேள்வி:
சாப்பாட்டுக்கு முன் கொறிக்க வைப்பதற்காக பீட்ரூட்டை வினிகரில் ஊறப்போட்டேன். தோல் சீவி, வில்லையாக நறுக்கி, 10 நிமிடம் வேகவைத்து, வினிகரையும் சர்க்கரையையும் கொதிக்கவைத்து ஊற்றினேன். ஒரு வாரமாகியும் பச்சைக்காய் போல நறுக்கென்று இருக்கிறது. நிறமும் வெளிறிப் போச்சு, புளிப்பு தொண்டையைப் பிடிக்கிறது. எங்கே தவறு? அரை கிலோவுக்கு அளவு சொல்லுங்கள்.

பதில் 1:
வேக்காட்டில்தான் தவறு. புளிப்பு பட்ட காய் அதற்கு மேல் மெத்தாகாது. காயைக் கட்டிவைத்திருக்கும் பெக்டினை அமிலம் கரையவிடாது. அதனால் ஒரு மாதம் ஊறினாலும் நறுக்கென்றுதான் இருக்கும். வினிகர் படும் முன்பே முழுதாக வெந்திருக்க வேண்டும்.

நிறம் போனது தோலைச் சீவியதால். காம்பில் 2 செ.மீ. விட்டு, அடிவேர் வாலையும் நறுக்காமல், தோலோடு முழுசாக வேகவையுங்கள். முட்டை அளவு காய்க்கு 30 முதல் 35 நிமிடம், பெரியதற்கு 50 வரை ஆகும். மெல்லிய கத்தி நடுவரை தடங்கல் இல்லாமல் இறங்கணும். எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். தோல் இழுத்துப் பிடித்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், திரும்பப் போடுங்கள்.

அரை கிலோவுக்கு: 5 சதவீத வினிகர் 200 மி.லி., தண்ணீர் 200 மி.லி., சர்க்கரை 60 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், கிராம்பு 4, மிளகு 10, விரல்கணு அளவு பட்டை. கிராம்பைக் கூட்டாதீர்கள், மூன்றாம் நாள் அதன் வாசனை மட்டும்தான் நிற்கும். எல்லாம் சேர்த்து 5 நிமிடம் கொதித்ததும், அரை செ.மீ. வில்லைகளும் ஒரு வெங்காயமும் அடுக்கிய ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் சூடாகவே ஊற்றுங்கள். ஜாடி வெதுவெதுப்பாக இருக்கட்டும், குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும். வில்லைகள் மூழ்கியே இருக்க வேண்டும்.

பதில் 2:
வினிகர் பாட்டில் லேபிளைப் பாருங்கள். பல இடங்களில் 4 சதவீதம்தான் விற்கிறது. அதுவானால் 250 மி.லி. வினிகருக்கு 150 மி.லி. தண்ணீர், அப்போதுதான் மேலே சொன்ன அதே புளிப்பு வரும். தொண்டையைப் பிடிப்பது பெரும்பாலும் தண்ணீர் கலக்காததால், அல்லது அன்றைக்கே எடுத்துச் சாப்பிடுவதால். 24 மணி நேரமாவது ஊறணும். மூன்றாம் நாள்தான் புளிப்பு உள்ளே இறங்கிச் சமமாகும்.

அலுமினியப் பாத்திரம் வேண்டாம், வினிகர் அதை அரித்து உலோகச் சுவை ஏற்றிவிடும். எவர்சில்வர் போதும். சாறு கலங்கினால் தூள் உப்பில் சேர்க்கும் கட்டிபடாத மருந்து காரணமாக இருக்கலாம். கல்லுப்பு போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. தோலைச் சீவியதுதான் வினை என்று புரிகிறது. இந்த ஜாடியை ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைக்கலாமா?

பதில் 1:
கூடாது. பீட்ரூட் இயல்பிலேயே புளிப்பில்லாத காய். பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இறங்காத காயைக் காற்றுப் புகாமல் மூடி வெளியே வைத்தால் போட்டுலிச நச்சு, அதாவது உயிரையே பறிக்கக்கூடிய பாக்டீரியா நச்சு, உருவாகலாம். வாடையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. வெளியே வைக்கும் பக்குவமே வேறு: தண்ணீரைப் போல் இரண்டு மடங்கு 5 சதவீத வினிகர், மூடிய ஜாடிகளைக் கொதிநீரில் மூழ்கவைத்து 30 நிமிடம், மலைப்பகுதியானால் இன்னும் கூடுதல். மேலே தந்த அளவு ஃப்ரிட்ஜுக்கு மட்டுமே, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஈரக் கரண்டி, கை எதுவும் உள்ளே போகக் கூடாது.

பதில் 3:
பரிமாறுவதற்கு 10 நிமிடம் முன்பே சல்லடையில் வடியவிடுங்கள், இல்லாவிட்டால் தட்டு முழுக்கச் சாறு ஓடும். வறுத்த வால்நட், சீஸ், அவித்த முட்டை எது வைத்தாலும் கடைசி நிமிடத்தில் வையுங்கள். முன்பே வைத்தால் எல்லாம் ஒரே ரோஸ் நிறமாகிவிடும்.