இளையர் பிரிவு நூல் மீதான புகார்: அகற்றுவதா, இடம் மாற்றுவதா?

செங்காங் தாய்:
உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகள் நூலகத்தின் இளையர் பிரிவிலிருந்து இரவல் வாங்கி வந்த புதினத்தில், ஒரு மாணவி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது இரண்டு பக்கங்களுக்கு விவரிக்கப்பட்டுள்ளது. அந்தப் பக்கத்தின் மூலையை யாரோ மடித்து வைத்திருந்ததைக் கண்டதும் எனக்குப் பகீரென்றது. நூலை அகற்றும்படி நூலகத்துக்கு எழுதி ஒரு வாரமாகிறது. இன்னொரு பிரதி இன்னமும் அதே அடுக்கில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற நூலகர்:
உங்கள் கவலை நியாயமானதுதான் அம்மா. ஆனால், புகார் வந்தவுடனே நூலை எடுத்துவிட்டால் பரிசீலனைக்கு என்ன பொருள்? முடிவு தெரியும்வரை நூல் அடுக்கிலேயே இருக்க வேண்டும் என்றுதான் அமெரிக்க நூலகச் சங்கமும் பரிந்துரைக்கிறது. இங்கே சிங்கப்பூரில் 2014 ஜூலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேசிய நூலக வாரியம் மூன்று சிறுவர் நூல்களை விலக்கியதைக் கண்டித்து, விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தில் சுமார் 400 பேர் திரண்டு அந்நூல்களைப் படித்தார்கள். பின்னர் அமைச்சரின் உத்தரவுப்படி இரண்டு நூல்கள் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றப்பட்டன. மூன்றாவது அதற்குள் அழிக்கப்பட்டுக் காகிதக் கூழாக்கப்பட்டுவிட்டது. இடம் மாற்றிய நூலைத் திரும்பக் கொண்டுவரலாம், கூழான நூலை என்ன செய்வது?

செங்காங் தாய்:
ஐயா, கூழாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றினால் எனக்குப் போதும்.

பாலர்பள்ளி ஆசிரியை:
அந்தப் பிரிவுக்குக் கதவா இருக்கிறது? பதின்மூன்று வயதுப் பிள்ளையும் நான்கு எட்டு வைத்தால் அங்கே போய்விடலாம். யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் தேடும் இடத்தில் மட்டும் நூல் இருக்காது. அந்த மடிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி நாட்களில் அப்படிப் பக்கம் மடித்தவள் நான். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை அச்சில் பார்த்ததால் மடித்தேன். அந்தக் கதையில் அடுத்த அத்தியாயத்திலேயே அந்தப் பெண் பள்ளி ஆலோசகரிடம் போவாள்.

ஓய்வுபெற்ற நூலகர்:
அம்மா, நீங்கள் முழு நூலையும் படித்தீர்களா? குறைசொல்வதற்காகக் கேட்கவில்லை. புகாரைப் பரிசீலிப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

செங்காங் தாய்:
அந்த இரண்டு பக்கங்களோடு மூடிவிட்டேன். திருப்பித் தர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, படிக்கிறேன். ஆனால் புகாரை மீட்டுக்கொள்ளவில்லை. அட்டையிலாவது ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வேண்டும் என்று இன்றிரவே நூலகத்துக்கு எழுதப்போகிறேன்.